வாசலில் கழற்றி வைத்த வரலாறு

சவுத் மெல்போர்ன் கிளப் கடன் தாளாமல் 1982இல் மூட்டை முடிச்சோடு சிட்னிக்குக் குடிபெயர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அது ஒரு விக்டோரியா கிளப் வெளியூருக்குப் போன கதை. இந்த வாரம் எதிர்த்திசையில் நடந்தது. 1990 ஜூலை முடியும் தறுவாயில் அடிலெய்ட் நகரத்தில் ஒரு செய்தி வெடித்தது. தெற்கு ஆஸ்திரேலிய லீக்கின் மூத்த கிளப்புகளில் ஒன்றான போர்ட் அடிலெய்ட், தன்னோடு ஆடிவந்த மற்ற ஒன்பது கிளப்புகளையும் கலக்காமல், மெல்போர்ன்காரர்களோடு தனியாகப் பேசி, அடுத்த ஆண்டே அவர்களுடைய லீக்கில் சேர முதற்கட்ட ஒப்பந்தம் போட்டுவிட்டது என்பதே அது. அந்த மாநிலத்தில் இன்றைக்கும் குடும்பத்துக்குள் சண்டை மூட்ட இந்தப் பேச்சு போதும். ஒரு சாரார் அதைத் துரோகம் என்பார்கள். இன்னொரு சாரார் தைரியம் என்பார்கள். போர்ட்டின் குணத்தைப் பற்றிய இந்த வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாநிலத்தின் கிளப் இன்னொரு மாநிலத்தின் லீக்கில் சேரும்போது நிபந்தனைகளை யார் எழுதுகிறார்கள்? 1990இல் இதற்குக் கிடைத்த விடைதான் ஆஸ்திரேலியக் கால்பந்தின் இன்றைய உருவத்தைத் தீர்மானித்தது.

முதன்முறை வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு, இது வேறு. கிரிக்கெட் மைதானம் அளவுக்கு விரிந்த நீள்வட்டத் திடல், பக்கத்துக்கு 18 பேர், இரு முனையும் கூரான பந்து, கையால் குத்தியும் காலால் உதைத்தும் ஆடலாம். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. 1859இல் மெல்போர்னில் விதிகள் எழுதப்பட்டன. ஆனால் பிறந்த ஊர் ஒன்று என்பதற்காக ஆட்டம் முழுக்க அந்த ஊருக்கே சொந்தமாகிவிடவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கால்பந்துச் சங்கம் 1877 ஏப்ரலில் உருவானது. விக்டோரியாவின் முதல் சங்கம் அதற்குச் சில நாட்கள் பிந்தித்தான் பிறந்தது. அந்தச் சங்கத்திலிருந்து பிரிந்த எட்டு கிளப்புகள் 1897இல் ஆடத் தொடங்கிய விக்டோரியக் கால்பந்து லீக், அதாவது வி.எஃப்.எல்., வயதில் இன்னும் இளையது.

'மாநில லீக்' என்றதும் இரண்டாந்தர ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நூறாண்டுக் காலம் அந்தந்த மாநிலத்தின் லீக்தான் அங்கே உச்சம். அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. விக்டோரியாவின் சாம்பியனும் தெற்கு ஆஸ்திரேலியாவின் சாம்பியனும் ஆஸ்திரேலியப் பட்டத்துக்காக அவ்வப்போது மோதிக்கொள்வது வழக்கம். அந்தப் பட்டத்தைப் போர்ட் அடிலெய்ட் 1890, 1910, 1913, 1914 என்று நான்கு முறை தட்டிச் சென்றிருக்கிறது. 1914இல் அந்த அணி பருவம் முழுதும் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வந்து, மெல்போர்னின் கார்ல்டனையும் வீழ்த்தியது. பழங்கதை என்று தள்ளுவோருக்கு 1972 இருக்கிறது; அந்த ஆண்டு நார்த் அடிலெய்ட் அதே கார்ல்டனை ஒரே புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1976இல் அடிலெய்டின் ஃபுட்பால் பார்க்கில் ஸ்டர்ட்டும் போர்ட்டும் ஆடிய இறுதிப்போட்டிக்கு 66,897 பேர் வந்தார்கள். மறுவருடம் பெர்த்தில், பிறந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்ற விதியோடு நடந்த முதல் போட்டியில், மேற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவை 94 புள்ளிகளில் நொறுக்கியது. ஆட்டத் திறமையில் விக்டோரியா மற்றவர்களைவிட உயர்ந்தது என்பதற்கு இந்தக் கணக்குகளில் எங்கும் சான்று இல்லை.

பணத்தில்தான் உயர்வு இருந்தது. மெல்போர்ன் பெரிய நகரம். அங்கே கூட்டமும் அதிகம், தொலைக்காட்சிப் பணமும் அதிகம், கிளப்புகளுக்குள் போட்டியும் அதிகம். அந்தப் போட்டியில் மற்ற மாநிலங்களின் ஆட்டக்காரர்களுக்கு விலை ஏறியது. 1986 ஒரு ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். க்ளெனெல்கிலிருந்து ஸ்டீஃபன் கெர்னஹான், போர்ட்டிலிருந்து க்ரெய்க் பிராட்லி இருவரும் கார்ல்டனுக்குப் போனார்கள். சென்ட்ரல் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஜான் பிளாட்டன் ஹாதோர்னுக்குப் போனார். மறுவருடமே கெர்னஹான் கார்ல்டனின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். பிளாட்டன் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். அடிலெய்ட் ரசிகன் தான் வளர்த்த பிள்ளைகளின் திருமணத்தை டி.வி.யில் பார்த்த கதைதான்.

மாநிலங்கள் சமமாக உட்கார்ந்து ஒரு தேசியப் போட்டியைக் கட்டும் வழியும் இருந்தது. மாநில லீக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தேசிய அமைப்பு நெடுங்காலமாகவே உண்டு. அது 1976இல் மாநிலக் கிளப்புகளைச் சேர்த்து இரவு ஆட்டத் தொடர் ஒன்றை நடத்தியது. மறுவருடம் விக்டோரியா லீக் அதிலிருந்து விலகித் தனக்கென ஓர் இரவுத் தொடரைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மற்ற மாநிலத்தவர்கள் அந்தத் தொடரில் ஆடப் போனார்கள். விளையாட்டு வரலாற்று நூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகும் இந்த நிகழ்வுக்கு நான் அதிக எடை தருவேன். பொது மேசையில் ஒரு நாற்காலியில் உட்கார விக்டோரியாவுக்கு விருப்பமில்லை, மேசையே தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்துபோயிற்று. அதன் பிறகு நடந்தவை அதே போக்கின் தொடர்ச்சி. 1982இல் சிட்னி. 1987இல் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் குயின்ஸ்லாந்தின் பிரிஸ்பேன் பேர்ஸும் ஆளுக்கு 40 லட்சம் டாலர் உரிமக் கட்டணம் செலுத்தி உள்ளே வந்தன. 1990இல் லீக் தன் பெயரை ஆஸ்திரேலியக் கால்பந்து லீக், ஏ.எஃப்.எல்., என்று மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகை மாறிய அன்று உள்ளே இருந்த 14 அணிகளில் 11 விக்டோரியாவினுடையவை.

இந்த விரிவாக்கத்தை வெற்றி முரசு கொட்டிய படையெடுப்பாகப் பார்த்தால் தவறிவிடுவோம். வீட்டுக்குள்ளே அடுப்பெரியாத நிலை. 1989இல் ஃபுட்ஸ்க்ரேயையும் ஃபிட்ஸ்ராயையும் ஒன்றாக இணைத்துவிட லீக் முடிவு செய்தது. ஃபுட்ஸ்க்ரே ரசிகர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டிக் கிளப்பைக் காப்பாற்றினார்கள். 1990இல் ரிச்மண்ட், மூடாமல் இருக்கவே, பத்து லட்சம் டாலர் கேட்டு ரசிகர்களிடம் கையேந்தியது. வெளிமாநிலத்திலிருந்து வரும் உரிமக் கட்டணமும் புதிய தொலைக்காட்சிச் சந்தையும் அந்தக் கிளப்புகளுக்கு மருந்து. ஆக, பத்து லட்சம் மக்கள்தொகையும் கால்பந்துப் பைத்தியமும் கொண்ட அடிலெய்ட், மெல்போர்னுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அடிலெய்டின் லீக் நிர்வாகிகள் அறியாதவர்கள் அல்லர். தலைவர் மேக்ஸ் பஷீர் வழக்கறிஞர், பேரம் தெரிந்தவர். அவசரப்பட வேண்டாம், 1993 வரை பொறுப்போம், நல்ல நிபந்தனை கிடைத்தால் மாநிலத்தின் பெயரில் ஒரே அணியாகப் போவோம் என்பதுதான் பத்து கிளப்புகளும் கைதூக்கி ஏற்ற நிலைப்பாடு. போர்ட்டும் அன்று கைதூக்கியது.

பிறகுதான் அந்த ரகசியப் பேச்சு. போர்ட்டின் தலைவர் புரூஸ் வெபர் ஒரு பக்கம், ஏ.எஃப்.எல். தலைவர் ராஸ் ஓக்லி மறுபக்கம். செய்தி வெளியானதும் அடிலெய்டில் எழுந்த கோபத்தை நாளிதழ்கள் வாரக்கணக்கில் அச்சடித்தன. க்ளெனெல்கும் நார்வுட்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கின. இங்கே ஒரு வேடிக்கையையும் குறித்துவைக்க வேண்டும்: நார்வுட்டே எண்பதுகளில் விக்டோரியாவின் கதவைத் தனியாகத் தட்டிப் பார்த்த கிளப்தான். தடை கிடைத்த இடைவெளியில், ஐந்தாறு ஆண்டுகளாக 'பொறு, பொறு' என்று சொல்லிவந்த தெற்கு ஆஸ்திரேலிய லீக், சில வாரங்களில் மாநில அணி ஒன்றைக் காகிதத்தில் உருவாக்கி மெல்போர்னுக்குக் கொண்டுபோனது. செப்டம்பரில் ஏ.எஃப்.எல். அதை ஏற்றுக்கொண்டது. அதுதான் அடிலெய்ட் க்ரோஸ். நீலம், சிவப்பு, பொன்னிறம் என்று மாநில வண்ணங்களில் சட்டை; பயிற்சியாளர் கிரஹாம் கோர்ன்ஸ். 1991 மார்ச் 22 அன்று தன் முதல் ஆட்டத்தில் அந்த அணி ஹாதோர்னை 86 புள்ளிகளில் வென்றது. அதே ஹாதோர்ன்தான் அந்த ஆண்டின் கோப்பையையும் வாங்கியது என்பதைச் சேர்த்து வாசித்தால் அன்றிரவு அடிலெய்ட் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். போர்ட் அடிலெய்ட் அதற்கு ஆறு மாதம் முன்பு, வழக்குக்கும் வசவுக்கும் நடுவே, உள்ளூர் இறுதிப்போட்டியில் வழக்குப் போட்ட க்ளெனெல்கையே தோற்கடித்துத் தன் 30ஆவது மாநிலக் கோப்பையை எடுத்துவைத்துவிட்டு, வீட்டிலேயே இருந்தது.

துரோகக் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒரு லீக் என்பது தனித்தனிக் கடைகளின் வரிசை போன்றதல்ல. எதிராளி இல்லாமல் ஆட்டமே இல்லை. போர்ட்டின் 30 கோப்பைகளுக்கு மதிப்பு வந்தது, மற்ற கிளப்புகள் தோற்றதால். நூறு வருடம் அந்த எதிராளிகளோடு சேர்ந்து சேர்த்த பெயரை ஒரு கிளப் மட்டும் விலை பேச உரிமை உண்டா? இல்லை என்றே நானும் சொல்வேன். கைதூக்கி ஏற்ற முடிவைச் சொல்லாமல் மீறியதும் முறையல்ல. ஆனால் அந்த ஒற்றுமையின் சரக்கு என்ன என்றும் கேட்க வேண்டும். 'எப்போது போகக் கூடாது' என்பதில் பத்து கிளப்புகளுக்கும் ஒரே கருத்து. 'எப்படிப் போவது' என்பதில் இல்லை. மாநில அணி வந்தால் எந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்கள் போவார்கள், வருமானத்தை எப்படிப் பிரிப்பது, மிச்சமிருக்கும் உள்ளூர் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளை ஒத்திப்போடும் வசதியாகத்தான் 1993 என்ற தேதி இருந்தது. ஒத்திப்போட்ட கேள்விகளைச் சில வாரங்களில் தீர்க்க முடிந்தது என்பதே, அவை அதற்கு முன்பும் தீர்க்கக் கூடியவையாக இருந்தன என்பதற்கு அத்தாட்சி.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1990இல் மெல்போர்ன் கிளப்புகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன; அடிலெய்ட் மேலும் மூன்றாண்டு பொறுத்திருந்தால் மெல்போர்ன் இறங்கி வந்திருக்கும், சம நிலையில் பேரம் பேசியிருக்கலாம், போர்ட்டின் அவசரம் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுத்திருக்கும் பேரம் பலிக்க வேண்டுமென்றால் பொருள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பொறுக்க வேண்டும். பெர்த் 1987லேயே உள்ளே போய்விட்டது. அன்றோடு 'மாநிலங்கள் ஒரு பக்கம், விக்டோரியா ஒரு பக்கம்' என்ற தராசு உடைந்துவிட்டது. அடிலெய்டின் இளம் ஆட்டக்காரர்களோ பொறுக்கவில்லை. 1990இல் போர்ட்டின் கோப்பை அணியில் ஆடிய 17 வயதுப் பையன் காவின் வாங்கனீன் மறுவருடம் மெல்போர்னின் எசெண்டனில் இருந்தார்; 1993இல், அடிலெய்ட் முதலில் குறித்துவைத்த அதே ஆண்டில், எசெண்டனுக்காகக் கோப்பையும் தனக்காகப் பிரௌன்லோ பதக்கமும் வாங்கினார். பொறுத்த ஒவ்வொரு பருவத்திலும் அடிலெய்டின் கையிருப்பு கரைந்தது. மெல்போர்ன் கிளப்புகளின் கடனும் கூடியது உண்மை. ஆனால் கடன்காரர்களுக்கு வேறு வாங்குநர்கள் இருந்தார்கள், அடிலெய்டுக்கு வேறு சந்தை இல்லை.

போர்ட்டை ஆதரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. போர்ட் தனியாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? க்ரோஸின் உரிமம் தெற்கு ஆஸ்திரேலிய லீக்கின் கையில் இருந்தது. 2014 வரை அப்படியே நீடித்தது. அந்த அணி சம்பாதித்ததில் ஒரு பங்கு உள்ளூர்க் கிளப்புகளுக்குத் திரும்பி வந்தது. இந்த ஏற்பாட்டைப் பிரிஸ்பேன் பேர்ஸோடு ஒப்பிட்டால் அருமை தெரியும். கிறிஸ்டோபர் ஸ்கேஸ் என்ற பெருமுதலாளியின் கைக்குப் போன அந்த அணி, கோல்ட் கோஸ்டில் ஆடிக்கொண்டு, அவர் திவாலானதும் நாதியில்லாமல் நின்றது. 1990லும் 1991லும் பட்டியலில் கடைசி. க்ளெனெல்கும் நார்வுட்டும் நீதிமன்றத்துக்குப் போகாதிருந்தால், ஒரே ஒரு கிளப் பணக்காரனாகி மற்ற ஒன்பதும் வாடியிருக்கும். ஆகவே வழக்குப் போட்டவர்கள் செய்தது சரி. போர்ட் போட்ட ஒப்பந்தம் இல்லாமல் அந்த வழக்கோ, அந்த வழக்கு இல்லாமல் க்ரோஸோ அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. ஆளுக்கொரு பாதி சரி என்று பங்கிட்டுக் கொடுக்கும் சமரசமாக இதை வாசிக்க வேண்டாம். அடிலெய்டின் இரு தரப்பும் ஒன்றையொன்று முறியடிப்பதில் மும்முரமாக இருந்ததால், நிபந்தனை எழுதும் பேனா மெல்போர்னின் கையிலேயே இருந்துவிட்டது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரே உரிமத்துக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வரிசையில் நின்றால் விற்பவன் பாடு கொண்டாட்டம்.

அந்தப் பேனா என்ன எழுதியது என்பதைப் போர்ட்டின் பின்கதையில் பார்க்கலாம். 1994 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டாவது உரிமத்துக்கு, இம்முறை தன் மாநில லீக்கின் சம்மதத்தோடு, போர்ட் தேர்வானது. உள்ளே இடம் காலியாக வேண்டுமே. 1996இல் ஃபிட்ஸ்ராய் மெல்போர்னிலிருந்து மறைந்து பிரிஸ்பேனோடு இணைந்த பிறகு, 1997இல் இடம் கிடைத்தது. எசெண்டனிலிருந்து திரும்பி வந்த வாங்கனீன்தான் முதல் தலைவர். ஆனால் அவர் அணிந்தது போர்ட்டின் பழைய சட்டையை அல்ல. 1902 முதல் அந்தக் கிளப் அணிந்துவந்தது, சிறைக் கம்பிபோல் இறங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், பட்டப்பெயர் மேக்பைஸ். கறுப்பு வெள்ளையும் மேக்பைஸும் மெல்போர்னின் காலிங்வுட்டுக்கு ஏற்கனவே சொந்தம். வந்தவர்தானே மாற்றிக்கொள்ள வேண்டும்? போர்ட் 'பவர்' என்று பெயர் சூடி நீலப்பச்சை நிறத்தைச் சேர்த்துக்கொண்டது. கிளப்பின் 150ஆவது ஆண்டான 2020இல் அடிலெய்டுக்கு எதிரான ஆட்டத்தில் பழைய சட்டைக்கு அனுமதி கிடைத்தது. 2021இல் கேட்டபோது மறுக்கப்பட்டது. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குள் போய் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வெற்றிப்பாட்டுப் பாடினார்கள்.

சட்டை சின்ன விஷயம், உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்று சிலர் சொல்லலாம். பதிவேட்டைப் புரட்டுவோம். ஏ.எஃப்.எல். தன் கோப்பைக் கணக்கை 1897லிருந்து எண்ணுகிறது. அதாவது மெல்போர்ன் நகரத்துக்குள்ளும் பக்கத்து ஜீலாங்கிலும் பெரும்பாலும் ஆடப்பட்ட ஆட்டங்கள் தேசியச் சாதனைகள். அதே ஆண்டுகளில் அடிலெய்டிலும் பெர்த்திலும் நடந்தவை வட்டாரச் செய்திகள். ஏதோ ஓர் இடத்தில் எண்ணத் தொடங்கித்தானே ஆக வேண்டும் என்பார்கள். சரி, தேசிய லீக் என்ற பெயர் வந்த 1990லிருந்து எல்லோருக்கும் சேர்த்து எண்ணலாம்; அல்லது வெளிமாநில அணிகள் வந்த 1987லிருந்து. அப்படிச் செய்யாமல் 1897ஐ வைத்துக்கொள்வதன் பொருள், இது புதிய லீக் இல்லை, விருந்தாளிகளைச் சேர்த்துக்கொண்ட பழைய வி.எஃப்.எல். என்று லீக்கே ஒப்புக்கொள்வதுதான். இன்றைய 18 அணிகளில் 10 விக்டோரியாவினுடையவை. இறுதிப்போட்டி யார் யாருக்கு இடையே நடந்தாலும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் என்ற ஒப்பந்தம் 2059 வரை நீள்கிறது.

கதவுக்கு வெளியே அதிக காலம் நின்ற மாநிலம் தாஸ்மானியா. டாரல் பால்டாக், இயன் ஸ்டுவர்ட், பீட்டர் ஹட்சன், ராய்ஸ் ஹார்ட் என்று இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் நான்கை விக்டோரியாவுக்குக் கொடுத்த தீவு அது. செயிண்ட் கில்டா இன்றுவரை வாங்கிய ஒரே கோப்பை 1966இல் பால்டாக்கின் தலைமையில் வந்தது. அந்தத் தீவுக்கு உரிமம் கிடைத்தது 2023 மே மாதத்தில், ஹோபார்ட்டில் கூரையிட்ட புது மைதானம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள்ளூரில் அந்த மைதானத்தின் செலவைச் சொல்லி எழுந்த எதிர்ப்பில் மாநில அரசியலே ஆட்டம் கண்டது. அதைத் தனியே ஒரு வாரம் எழுத வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: 1990இல் அடிலெய்டில் எழுதிய அதே பேனா.

போர்ட் அடிலெய்டுக்கு 2004இல் அந்தத் தேசியக் கோப்பையும் கிடைத்தது, பிரிஸ்பேனை வென்று, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில். வாங்கனீனும் அந்த அணியில் இருந்தார். 1870இல் பிறந்து, மாநில லீக்கில் 36 முறை வென்ற அந்தக் கிளப்பின் பெயருக்கு எதிரே, ஏ.எஃப்.எல். பதிவேட்டின் கோப்பைப் பத்தியில் 1 என்று இருக்கிறது.